காட்டுப்பள்ளி ஈட்டியும் கெய்ன்ஸ் துப்பாக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படிக்கலாம்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். காட்டுப்பள்ளிக்காரன். எண்பதுகளின் கடைசியில் கொசஸ்தலை ஆற்றைப் படகில் தாண்டி, ஈரக் காலோடு வகுப்புக்கு வந்து உட்காருவான். இப்போது திருவொற்றியூரில் குடியிருக்கிறான். அவன் மகனுக்கு ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் என்ற ஊரில் வேலை. அங்கே மூச்சடக்கி மூழ்கி மீன் குத்துகிற கூட்டத்தோடு பையன் சேர்ந்துவிட்டான். படத்தில் ஒரு கடைச் சுவரில் ஐந்து ஸ்பியர் கன்கள் மாட்டியிருந்தன. கூடவே ஒரு குரல் பதிவு.

"சார், ஆழ்கடல்ல பெரிய மீனுக்கு இதுல எது வாங்கலாம்னு பையன் கேக்கறான். எனக்கு என்னா தெரியும்? அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எங்க மாமனாரு கையப் பாத்துமா உங்களுக்குப் புத்தி வரலன்னு அழுவுது. நீங்க ஏதாவது சொல்லுங்க சார்."

துப்பாக்கி வாங்க வரலாறு வாத்தியாரிடமா யோசனை கேட்பது என்று சிரிக்காதீர்கள். எனக்கும் அவனுக்கும் முப்பத்தைந்து வருஷத்துக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்றைக்குத் தமிழ் ஐயா விடுப்பு. ஒன்பதாம் வகுப்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஐயாவின் மேசையில் குறுந்தொகை இருந்தது. கடலோரப் பிள்ளைகள் ஆயிற்றே என்று நெய்தல் பாட்டு ஒன்றைப் பிரித்தேன். 304ஆம் பாட்டு. பரதவர் திமிலில் போய் எறி உளியால் கோட்டு மீனை, அதாவது கொம்புள்ள மீனை, எறிகிற காட்சி. "எறி உளி என்றால் தச்சர் வைத்திருக்கிறாரே அந்த உளி, அதைத் தூக்கி எறிவார்கள்" என்று துணிந்து சொன்னேன். கடைசி பெஞ்சில் இவன் சிரித்தான். வெளியே நிற்க வைத்தேன்.

மறுநாள் செய்தித்தாளில் சுற்றி ஓர் இரும்பைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு சாண் நீளம், கூர்முனை, பக்கத்தில் மடங்கிய முள், அடியில் குழாய் போல ஒரு பொந்து. "தாத்தாவுது சார். கம்பு இந்தப் பொந்துல சொருவி இருக்கும். குத்துனதும் கம்பு கழண்டுக்கும், இது மீனு உள்ளயே நிக்கும். கயிறு இதுலதான் கட்டுவோம், கம்புல கட்ட மாட்டோம்." அவன் தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். மீன் கடித்ததா என்று கேட்டேன். "மீனு இல்ல சார். கயிறு எடுத்துச்சு."

சரி, போய் உட்கார் என்றேன். வகுப்பில் நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களில் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். இன்றைக்குத் திருத்திக்கொள்ளுங்கள்: எறி உளி என்பது கயிறு கட்டி எறிகிற மீன் ஈட்டி. ஆங்கிலேயர் ஹார்பூன் என்பது அதைத்தான். தெற்கே மண்டா என்று சொல்கிறவர்கள் உண்டு.

அந்தக் குறுந்தொகைப் பாட்டில் கருவியின் அமைப்பே இருக்கிறது. கூரிய இரும்பு முனை, அதைச் செருகிய காய்ந்த மூங்கில் தண்டு, எறிந்த பிறகு இழுக்கிற விசை. இழுக்க வேண்டுமானால் கயிறு இருந்தாக வேண்டும். (அந்தப் பாட்டில் கரையில் இருந்த அன்னக்கூட்டம் மிரண்டு ஓடும். பழவேற்காட்டுப் பூநாரைதான் அது என்று ஒரு நண்பர் சாதிப்பார். பாட்டில் அன்னத்துக்குக் குட்டைக்கால். பூநாரைக்குக் காலைத் தவிர வேறென்ன இருக்கிறது?)

அகநானூற்றின் 210ஆம் பாட்டு இதைவிடச் சிறப்பு. உலோச்சனார் பாடியது. ஈட்டி பட்ட பெரிய மீன் ரத்தத்தால் கடலைக் கறையாக்கி, வானவில் போல் வளைந்து எம்பி, அலையைக் கலக்கி, கடைசியில் வலுவிழந்து திமில்களின் பக்கத்துக்கே வந்து சேர்கிறது. குத்தியவுடன் மீன் சாவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஓடவிட்டு, களைக்கவிட்டு எடுக்கிறார்கள். விட்டுப்பிடி என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதைக் கடலில் கயிற்றால் செய்தார்கள்.

கோட்டு மீன் எது என்பதில் கருத்து பல. மூக்கு ரம்பம் போல் நீண்ட வேளா மீனாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். நடக்கூடிய கொம்பு வேளாவுக்குத்தான் உண்டு. இன்று வேளா அருகிப்போய்விட்டது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளா வகைகளையும் திமிங்கலச் சுறாவையும் சேர்த்தார்கள். பிடித்தால் குற்றம்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். காரணம் அந்த இரும்பு முள்தான். நியூ பெட்ஃபோர்டு என்ற திமிங்கல வேட்டைத் துறைமுகத்தில் லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர் 1848இல் ஒரு ஈட்டிமுனை செய்தார். சதைக்குள் போனதும் முனை குறுக்கே திரும்பிக்கொள்ளும், இழுத்தால் வராது. ஆர்க்டிக் பழங்குடியினர் எலும்பிலும் தந்தத்திலும் இதே யோசனையை வெகுகாலமாக வைத்திருந்தார்கள். டெம்பிள் அதை இரும்பில் செய்தார். காப்புரிமை எடுக்கவில்லை, அதனால் ஊரெல்லாம் அவருடைய முனையைச் செய்து விற்றது. இன்றைக்குக் கெய்ன்ஸ் கடையில் 'ஸ்லிப் டிப்' என்று தொங்குவது இந்தக் குடும்பம்தான். மூன்றாண்டு கழித்து, 1851இல் வெளிவந்த 'மோபி டிக்' நாவலில் கேப்டன் ஆகாப் எப்படிச் சாகிறான் தெரியுமா? தான் எறிந்த ஈட்டியின் கயிறு கழுத்தில் மாட்டி. அதைப் படித்தபோது எனக்குக் காட்டுப்பள்ளித் தாத்தாவின் விரல்தான் ஞாபகம் வந்தது.

துப்பாக்கி மிகப் பிந்தியது. 1930களில் பிரான்சின் தென்கரையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கை ஈட்டியால் மீன் குத்தும் பழக்கம் பரவியது. கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938இல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அதே காலத்தில் கிராமரென்கோ என்ற ரஷ்யர் சுருள்வில்லால் இயங்கும் துப்பாக்கியைச் செய்தார். 1947இல் மார்செய் நகரத்து ஜார்ஜ் பூஷா ரப்பர் பட்டையால் இழுத்துவிடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். நம் பையன்கள் அணில் அடிக்கிற உண்டிவில்லின் தத்துவம்தான். ரப்பரை இழுத்து ஈட்டியில் மாட்டு, விசையைத் தட்டு, ஈட்டி பறக்கும். இன்றும் பெருமீன் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ரப்பர்தான்.

தெளிந்த ஆழ்கடலுக்கு என்று தனியாக ஏன் ஒரு துப்பாக்கி? எங்கள் அறிவியல் ஆசிரியர் பக்கெட்டில் குச்சியை விட்டு வளைந்து காட்டுவாரே, அந்த ஒளிவிலகல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகக்கண்ணாடி வழியே பார்த்தால் தண்ணீரில் நாலு மீட்டர் தூரத்து மீன் மூன்று மீட்டரில் நிற்பதாகத் தோன்றும், பெரிதாகவும் தெரியும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் மீனும் நம்மைத் தூரத்திலேயே பார்த்துவிடும், நெருங்காது. ஆக எட்டம் வேண்டும். பாறை இடுக்கில் திரிகிறவனுக்கு முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் துப்பாக்கி போதும். திறந்த கடலுக்கு 1.3 முதல் 1.6 மீட்டர் வரை வைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் ரப்பர் கூடும், இரண்டு, மூன்று, அதற்கு மேலும். ரப்பர் கூடினால் உதைப்பு கூடும், கை தூக்கிக் குறி தப்பும். அதைத் தாங்கக் கனமான மரக்கட்டை வேண்டும். தேக்கு அதற்குப் பேர்போனது. உப்புத்தண்ணீரில் தேக்கு எப்படி நிற்கும் என்று ராயபுரத்துப் படகுத் தச்சரிடம் கேட்டால் சொல்வார். ஈட்டியும் மெல்லியதாக இருந்தால் விசையில் நெளியும். எட்டு மில்லிமீட்டர் அளவுக்காவது தடிமன் வேண்டும்.

ஆனால் பையன் அனுப்பிய ஐந்தில் அவன் கண் எதில் இருந்தது? எல்லாவற்றிலும் நீளமானது, கறுப்புக் கார்பன் குழாய், பிடியில் அழகான ரீல். அங்கேதான் நான் நிறுத்தினேன். ரீல் என்றால் கயிற்றின் மறுமுனை துப்பாக்கியில். துப்பாக்கி இவன் கையில். ஐம்பது கிலோ சூரை கீழே பாய்ந்தால் கையை விட மனசு வராது, விலை கொடுத்து வாங்கியது. பெருமீனுக்குப் போகிறவர்கள் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். சுட்டவுடன் ஈட்டி துப்பாக்கியை விட்டு முழுக்கக் கழன்றுவிடும். ஈட்டியிலிருந்து இருபது முப்பது மீட்டர் கயிறு நேரே மேலே மிதக்கும் ஒரு மிதவைக்குப் போகும். மீன் மிதவையோடு மல்லுக்கட்டிக் களைக்கும், மனிதன் மேலே வந்து மூச்சுவிடலாம். டெரி மாஸ் என்ற அமெரிக்கர் 1982இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே ஒரே மூச்சில் மூழ்கிக் குத்திய நீலத்துடுப்புச் சூரை 398 பவுண்டு, ஏறத்தாழ 180 கிலோ. அந்த எடையைக் கையால் பிடித்து நிறுத்த யாரால் முடியும்?

கயிறு கம்பில் இல்லை, முள்ளில். ஒன்பதாம் வகுப்புப் பையன் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியது இதுதான்.

அப்படியானால் நம் பக்கம் ஏன் இந்த மூழ்கி வேட்டை இல்லை? எண்ணூர், காட்டுப்பள்ளிக் கரையில் ஆற்று வண்டலும் அலையடித்துக் கிளப்பும் மணலும் சேர்ந்து தண்ணீர் கலங்கியே இருக்கும். மழைக்காலத்தில் நீட்டிய கை தெரியாது. பார்த்துக் குத்தும் கருவிக்கு இங்கே வேலை குறைவு. வலையும் தூண்டிலும்தான் சோறு போட்டன. ஈட்டி, மேலே வந்த மீனுக்கு மட்டும். நம்மவர்கள் தெளிந்த நீரில் மூழ்கியது மன்னார் வளைகுடாவில், முத்துக்கும் சங்குக்கும். அங்கேயும் பெருமீனுக்குத் துணை ஈட்டி அல்ல, மந்திரம். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே 'கடல் கட்டி' என்று ஒருவர் இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படி மந்திரிப்பவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. மந்திரம் பலித்ததோ இல்லையோ, அவர் இல்லாமல் ஆட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள்.

துப்பாக்கி தமிழர் கரைக்கு வந்த கதை திருகோணமலையில் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1955இல் ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில், நம் பையன் இப்போது மூழ்குகிற அதே கடலில், மூழ்கித் திரிந்தார்கள். அடுத்த வருஷம் இலங்கைக்கு வந்தார்கள். ஈட்டி மீன்பிடிப்பில் பேர்பெற்ற ராட்னி ஜோங்க்லாஸ் அங்கே அவர்களுக்குக் கூட்டாளி. திருகோணமலை சுவாமி மலையடியில் மூழ்கியபோது, பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்று பெயர் வைத்துக்கொண்டு கதிர்காமத்து பக்தராகிவிட்டார். கடலுக்குள் போனவர் எதைக் கொண்டு மேலே வருவார் என்று சொல்ல முடியாது.

பையனுக்கு நேற்றிரவு போன் போட்டேன். படத்தில் மூன்றாவதாக இருந்த மரக்கட்டைத் துப்பாக்கி, கழன்றுகொள்ளும் ஈட்டி, மிதவை, இடுப்பில் ஒரு கத்தி என்று சொன்னேன். கயிறு காலில் சுற்றினால் அறுக்கத்தான் கத்தி. "குயின்ஸ்லாந்துல காத்து சிலிண்டர் போட்டுக்கிட்டு மீன் குத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல தம்பி?" என்றேன். தெரியும் தாத்தா என்றான். அப்படியானால் மூச்சுதான் கணக்கு. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுப் போகிறவனுக்கு மூச்சுமுட்டலே தெரியாது. மேலே வரும்போது, கடைசிச் சில மீட்டரில், நினைவு தப்பும். அதில் செத்தவர்களில் கைதேர்ந்தவர்கள் நிறைய. ஒருவன் கீழே போனால் ஒருவன் மேலே இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீனைப் பார்க்கக் கூடாது.

"எங்க செட்டுல அதான் ரூல் தாத்தா" என்றான். சத்தியம் செய் என்றேன். செய்தான்.

பிறகு அவன் ஆயாவிடம் பேசினேன். மிதவை, கயிறு எல்லாம் விளக்கினேன். நடுவில் மறித்து ஒன்றே ஒன்று கேட்டார்: "கயிறு அவங் கையில இருக்காதுல்ல சார்?" இருக்காதும்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. மாமனாரின் இரும்பு முள் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். கப்பல் கட்டும் தளம் வந்து குப்பம் இடம் மாறியபோது சாமான் ஏற்றின வண்டியில் எதெது போச்சோ, தேடிப் பார்க்கிறேன் என்றார்.

கிடைத்தால் படம் போடுகிறேன்.