கேட்பாரற்ற ஒப்பந்தப் படைகள்

பணம் வாங்கிக்கொண்டு பிறர் போரில் ஆயுதம் ஏந்தும் வழக்கம் மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெஸ்ஸே-காஸல் முதலிய ஜெர்மானியச் சிற்றரசுகள் சுமார் 30,000 வீரர்களைப் பிரிட்டனுக்கு வாடகைக்கு விட்டன. அமெரிக்க விடுதலைப் போரில் அவர்கள் பிரிட்டனுக்காகப் போரிட்டார்கள். அரசாணை பெற்று எதிரி வணிகக் கப்பல்களைக் கொள்ளையிட்ட தனியார் போர்க்கப்பல்களுக்கு 1856ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம் முற்றுப்புள்ளி வைத்தது. பின்னர் தேசிய ராணுவங்கள் நிலைபெற, கூலிப்படைத் தொழில் ஒதுங்கிப்போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பதிவுபெற்ற நிறுவனமாக உருமாறித் திரும்பியது. தனி ஆளாகச் சென்ற கூலிவீரன் பிடிபட்டால் தண்டனை அனுபவித்தான். நிறுவனத்துக்கோ அலுவலகமும் ஒப்பந்தப் பத்திரமும் வழக்கறிஞரும் உண்டு. அதை அமர்த்திய அரசும், தாய்நாட்டு அரசும் தங்கள் ராணுவம் அங்கே இல்லை என்று கைவிரிக்க முடிந்தது.

இதன் தொடக்கம் யேமனில். 1962இல் அங்கே மன்னராட்சி கவிழ்ந்து, எகிப்தின் துணையோடு குடியரசு அமைந்தது. மன்னர் தரப்புக்கு உதவப் பிரிட்டன் வெளிப்படையாக விரும்பவில்லை. எஸ்.ஏ.எஸ். எனப்படும் பிரிட்டிஷ் சிறப்புப் படையில் பணியாற்றியிருந்த கர்னல் ஜிம் ஜான்சன் தலைமையில் ஒரு சிறு குழு மலைகளுக்குள் அனுப்பப்பட்டது. செலவில் பெரும்பகுதியைச் சவூதி அரேபியா ஏற்றது. லண்டனில் அதிகார வட்டாரம் அறிந்தே நடந்த வேலை இது; ஆனால் ஏட்டில் அது தனியார் முயற்சி. பின்வந்த நிறுவனங்கள் எல்லாம் இந்த வழியையே பின்பற்றின.

1976இல் அங்கோலாவில் இத்தொழிலின் அசிங்கம் அம்பலமானது. பிரிட்டனில் அவசர அவசரமாக ஆள்சேர்த்து அனுப்பப்பட்ட கூலிவீரர்கள் அங்கே பிடிபட்டார்கள். லுவாண்டாவில் 13 பேர் விசாரிக்கப்பட்டு, மூன்று பிரிட்டிஷாரும் ஓர் அமெரிக்கரும் அந்த ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிர்ந்துபோன பிரிட்டிஷ் அரசு, டிப்ளாக் பிரபு தலைமையில் குழு அமைத்தது. இருந்த ஒரே சட்டம், வெளிநாட்டுப் படைகளில் சேர்வதைத் தடுக்கும் 1870ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு உதவாது என்று குழு கண்டது. ஆனால் கூலிவீரனாகச் செல்வதை முற்றாகத் தடைசெய்வதும் சாத்தியமில்லை என்றது. புதிய சட்டம் எதுவும் வரவில்லை.

அடுத்த ஆண்டு, ஜெனீவா ஒப்பந்தங்களின் முதலாம் கூடுதல் நெறிமுறை 47ஆம் பிரிவில் கூலிவீரன் யார் என்று வரையறுத்தது. மோதலில் ஈடுபடுவதற்கென்றே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்; நேரடியாகப் போரிட வேண்டும்; சொந்த ஆதாயமே முதன்மை நோக்கமாகவும், அந்நாட்டுப் படையினரைவிட மிக அதிகமான ஊதியம் தருவதாகப் பேசப்பட்டதாகவும் இருக்க வேண்டும்; மோதும் தரப்பின் குடிமகனாகவோ அதன் படையில் உறுப்பினனாகவோ இருக்கக் கூடாது; வேறொரு நாடு அதிகாரபூர்வமாக அனுப்பியவனாகவும் இருக்கக் கூடாது. இத்தனையும் ஒருசேரப் பொருந்தினால்தான் அவன் கூலிவீரன். ‘பயிற்சியாளர்’, ‘ஆலோசகர்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினாலே தப்பித்துக்கொள்ளலாம். அந்த நாட்டுப் படையில் பெயரளவுக்குச் சேர்ந்துகொண்டாலும் போதும்.

இந்த ஓட்டைகளுக்கு நடுவே வளர்ந்தது கீனி மீனி சர்வீசஸ். கே.எம்.எஸ். என்று சுருக்கமாக அறியப்பட்ட இதை எஸ்.ஏ.எஸ். படையின் முன்னாள் அதிகாரிகள் 1970களின் நடுவில் தொடங்கினார்கள். யேமன் புகழ் ஜிம் ஜான்சனும் மேஜர் டேவிட் வாக்கரும் அவர்களுள் முக்கியமானவர்கள். ஆபத்தான தலைநகரங்களில் பிரிட்டிஷ் தூதர்களுக்கு மெய்க்காவல் தருவது தொடக்ககால வேலை. ஓமானிலும் பயிற்சி அளித்தது. அமெரிக்காவின் ஈரான்-கான்ட்ரா விசாரணையில், நிகரகுவாவின் மனாகுவா நகரில் நடந்த ஒரு வெடிப்புச் சம்பவத்தோடு வாக்கரின் பெயர் சேர்ந்து வெளிவந்தது.

அதன் மிகக் கொடிய தடம் இலங்கையில் பதிந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனாவின் அரசு தமிழ்க் கிளர்ச்சியை ஒடுக்க வெளிநாட்டு உதவி தேடியது. இந்தியாவின் கோபத்தைச் சம்பாதிக்கப் பிரிட்டன் தயங்கியது. இந்தியாவோடு அதற்குப் பெரும் வணிக நலன்கள் இருந்தன. ராணுவத்தை அனுப்பாமலே உதவி போய்ச்சேர கே.எம்.எஸ். வழியாயிற்று. 1984இல் அதன் ஆட்கள் கொழும்பு வந்து, காவல்துறையின் புதிய துணைப்படையான விசேட அதிரடிப்படைக்குக் களுத்துறை அருகே கட்டுக்குருந்தையில் பயிற்சி கொடுத்தார்கள். இப்படையின் உருவாக்கத்தில் ஜனாதிபதியின் மகன் ரவி ஜயவர்தனாவுக்குப் பெரும்பங்கு உண்டு. கிழக்கு மாகாணத் தமிழர்கள் அன்றாடம் எதிர்கொண்ட சீருடை இந்தப் படையினுடையதுதான்.

பயிற்சியோடு நின்றிருந்தால் ‘ஆலோசகர்’ என்ற பெயரையாவது காப்பாற்றியிருக்கலாம். இலங்கை விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் போதாமல் இருந்தார்கள். கே.எம்.எஸ். விமானிகள் துப்பாக்கி பொருத்திய ஹெலிகாப்டர்களைத் தாங்களே ஓட்டினார்கள். அவர்களுள் ஒருவரான டிம் ஸ்மித் அந்த அனுபவத்தைப் பின்னாளில் நூலாகவே எழுதினார். கொழும்பிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்கு இது தெரியாமல் இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் வெளியான வெளியுறவுத் துறைக் கோப்புகள், அதிகாரிகள் இதைப் பற்றித் தங்களுக்குள் கவலையோடு எழுதிக்கொண்டதைக் காட்டுகின்றன. ஆனால் கேள்வி எழுந்தபோதெல்லாம் லண்டன் தந்த விடை ஒன்றே: அது ஒரு தனியார் நிறுவனம், அதன் வணிகத்துக்கும் அரசுக்கும் தொடர்பில்லை. தெரிந்தே சொல்லப்பட்ட இந்த விடை, கொலைக்களத்துக்கு அரசு கொடுத்த மௌன அனுமதிதான்.

1987 ஜனவரி இறுதியில் மட்டக்களப்பு மாவட்டம் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப்படை தேடுதலில் இறங்கியது. மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர்கள் உட்பட 80க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு மக்கள் இன்றும் இறால் பண்ணைப் படுகொலை என்று நினைவுகூருவது இதைத்தான். அந்தப் படையை உருவாக்கிப் பயிற்றுவித்தவர்கள் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

பனிப்போர் முடிந்து ராணுவங்கள் சுருங்கியதும் தொழில் பெருகியது. தென்னாப்பிரிக்காவின் எக்ஸிக்யூட்டிவ் அவுட்கம்ஸ், அங்கோலாவிலும் சியரா லியோனிலும் அரசுத் தரப்பில் போரிட்டது. 1997இல் பப்புவா நியூ கினி அரசு, போகன்வில் தீவுக் கிளர்ச்சியை அடக்க சாண்ட்லைன் நிறுவனத்துடன் 3.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்நாட்டு ராணுவமே கொதித்தெழுந்து கூலிவீரர்களைப் பிடித்து வெளியேற்றியது. நிறுவனம் மீதிப் பணத்துக்காக சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய் வென்றது. நடக்காத போருக்குக்கூடக் கூலியை வசூலித்துத் தர மன்றம் இருந்தது. கொக்கட்டிச்சோலையில் உறவுகளை இழந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை.

ஈராக்கில் பொறுப்பின்மை சட்டமாகவே எழுதப்பட்டது. ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைப்பதற்கு முந்தின நாளான 2004 ஜூன் 27 அன்று, அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் திருத்தப்பட்ட 17ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். ஒப்பந்தப் பணியின்போது வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் செய்யும் செயல்களை ஈராக் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்றது அது. 2007 செப்டம்பர் 16 அன்று, பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் காவலர்கள் போக்குவரத்து நடுவே சுட்டதில் 17 ஈராக்கியர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம்.

அமெரிக்காவில் வழக்குத் தொடுக்க இருந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இவர்களோ வெளியுறவுத் துறைக்கு வேலை செய்தவர்கள். அந்தச் சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்துமா என்பதே வழக்கில் விவாதமாயிற்று. 2009 இறுதியில் வழக்கு தள்ளுபடியானது. 2011இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்றது. 2014இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. தண்டனைகள் மீண்டும் மேல்முறையீட்டுக்குப் போய், ஒருவருக்கு மறுவிசாரணையும் நடந்தது. சாட்சி சொல்ல ஈராக்கியர்கள் கடல்கடந்து வாஷிங்டன் வந்தார்கள். 2020 டிசம்பர் 22 அன்று அதிபர் டிரம்ப் நால்வரையும் மன்னித்து விடுவித்தார்.

ஈராக்கின் அபூ கிரைப் சிறையில் வதைபட்டவர்கள் தேர்ந்தது உரிமையியல் வழக்கு. விசாரணையாளர்களை அனுப்பிய சி.ஏ.சி.ஐ. நிறுவனத்தின் மீது 2008இல் தொடுத்த அந்த வழக்கில், மூன்று ஈராக்கியருக்கு 4.2 கோடி டாலர் தர வேண்டும் என்று வர்ஜீனியா ஜூரி 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர 16 ஆண்டுகள் பிடித்தன.

சர்வதேச விதிகள் இருக்கின்றன, பிடிதான் இல்லை. கூலிவீரர்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டு 2001இல்தான் நடைமுறைக்கு வந்தது. இத்தொழிலை அதிகம் பயன்படுத்தும் அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் சேரவில்லை. 2008இல் 17 நாடுகள் ஏற்ற மாந்த்ரே ஆவணம் நல்ல நடைமுறைகளைத் தெளிவாகச் சொல்கிறது; ஆனால் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பிரிட்டன் 2002இல் உரிமம் உட்படப் பல வழிகளை ஆராய்ந்து கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. முடிவில் தொழில்துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ரஷ்யாவின் குற்றவியல் சட்டம் கூலிப்படைச் சேவையைக் குற்றம் என்கிறது. வாக்னர் குழு அதே நாட்டின் ஆதரவில் சிரியாவிலும் மாலியிலும் உக்ரைனிலும் போரிட்டது.

பத்திரிகையாளர் பில் மில்லர் பல ஆண்டுகள் கோப்புகளைத் தேடிக் கே.எம்.எஸ். பற்றிய நூலை 2020இல் வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டன் பெருநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு, இலங்கையில் பிரிட்டிஷ் கூலிவீரர்கள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றங்கள் குறித்து விசாரணை தொடங்கியது. சம்பவங்கள் நடந்து 30 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. சாட்சிகளும் சந்தேக நபர்களும் முதியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் கோப்புகள் முழுமையாகத் திறக்கப்பட வேண்டும். மட்டக்களப்பில் உயிரோடிருக்கும் சாட்சிகளின் வாக்குமூலங்கள் காலம் தாழ்த்தாமல் பதிவாக வேண்டும்.