மட்டாஞ்சேரியும் கற்றாழையும்

வேரோடு பிடுங்கி வாயில் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் நெடுநாள் வாடாத செடி கற்றாழை. திருஷ்டி கழிப்பதற்கென்று தமிழர் அதனைக் கட்டுவது வழக்கம். அச்செடிக்கு மட்டாஞ்சேரியை உள்ளிட்ட கொச்சியில் ஒரு சரித்திரம் உண்டு என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

1670 முதல் 1677 வரை மலையாளக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைவராயிருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். அவர் இந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்வித்து, ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் லத்தீன் நூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் கற்றாழையும் படத்தோடு இடம்பெற்றது.

மூலிகைகளின் குணங்களை எடுத்துரைத்தவர், சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளி வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். அச்சுதன் மலையாளத்தில் சொன்னவற்றைக் கம்பெனியின் துபாஷி இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துகீசியத்தில் பெயர்த்தார். அதிலிருந்து லத்தீன் பிறந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவ்விரண்டு படிகளில் எத்தனை நுட்பங்கள் நழுவினவோ என்ற எண்ணம் எழாமற் போவதில்லை. நூலை அச்சுதனின் ஊரார் தம் மொழியிலேயே படிக்க, தாவரவியலறிஞர் கே. எஸ். மணிலாலின் உழைப்பால் 2008இல்தான் வழி பிறந்தது!

தொட்டியில் வளர்க்கும் சிறு கற்றாழைகளோ பெரும்பாலும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. வான் ரீட் 1685இல் நன்னம்பிக்கை முனைக்கும் சென்றார். அவ்வாண்டே அங்கிருந்த டச்சுத் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் வடக்கேயுள்ள வறண்ட நமக்குவாலாந்துக்குப் பயணம் மேற்கொண்டார். அவர் கண்ட செடிகளுள் கற்றாழை வகைகளும் இருந்தன.

அத்தகைய நிலத்தில் இவை பிழைப்பது எவ்வாறு? பிற செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இவை இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன, பகலில் மூடிக்கொள்கின்றன. ஆதலால் வெயிலில் இவை இழக்கும் நீர் மிகச் சொற்பம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் கொச்சியில் இவற்றைக் கொல்வது வறட்சியன்று, ஈரமே. அடியில் துளையுள்ள மண்தொட்டியில், ஆற்றுமணலும் செங்கற்பொடியும் மிகுதியாகக் கலந்த மண்ணில் நடவேண்டும். இடவப்பாதி மழை தொடங்குமுன் தொட்டிகளைத் தாழ்வாரத்திற்கு மாற்றிவிடுவது நலம். மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் வார்க்கலாம். டெல்லி போன்ற ஊர்களில் வாழும் அன்பர்கள் மழையைக் காட்டிலும் மார்கழிப் பனிக்கு அஞ்சவேண்டும். பக்கக் கன்றுகளைப் பிரித்ததும் நடாமல், வெட்டுவாய் காயும்வரை இரண்டொரு நாள் நிழலில் வைத்து நடுக.