மழையில் கரைந்த உரம்

மழை கொண்டுவரும் அம்மோனியாவே பயிரின் நைட்ரஜன் தேவையை நிறைவு செய்யும் என 1840-களில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வாதிட்டார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்து, அந்த அளவு போதாது என மறுத்தனர். அன்றைய வாதம் பற்றாக்குறை பற்றியது.

1909-இல் ஹேபர் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். 1913-இல் அது ஆலை உற்பத்தியாயிற்று. பின்னர் உரமிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் அம்மோனியாவும், வாகனப் புகையிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெருமளவில் வானேறி, மழையாகவும் பனியாகவும் இறங்கின.

கொலராடோவின் ராக்கி மலைப் பகுதி 1915 முதல் தேசியப் பூங்கா. அதன் உயர்மலை ஏரிகளுக்கு எவரும் உரமிட்டதில்லை. ஆயினும் சில ஏரிகளின் அடிவண்டலில், 1950-க்குப் பிந்தைய படிவுகளில், நைட்ரஜன் மிகுந்த நீரில் செழிக்கும் அஸ்டெரியோனெல்லா என்னும் டயட்டம் பாசி பெருகியுள்ளது. நிலத்துக்கு வேலியிட்டோம், மழைக்கு வேலியில்லை. ஏரியைக் காக்கும் சட்டம், தொலைவிலுள்ள வயலிலும் சாலையிலுமே தொடங்கவேண்டும்.