பீர் கம்பெனி, பிஹெச், ஒரு போலியோ வார்டு

பிஹெச் 7க்குக் கீழே போனா அமிலம், மேலே போனா காரம். பள்ளிக்கூடத்துல எல்லாரும் மனப்பாடம் பண்ணினதுதான். அப்புறம் பிகேஏன்னு ஒண்ணு வந்து கழுத்தறுக்கும். இந்த ரெண்டையும் சேர்க்கிற சமன்பாடு ஒரு காலத்துல உயிர்களைக் காப்பாத்தின கதை தெரியுமா மக்களே?

1908ல் ஹார்வர்டின் லாரன்ஸ் ஹென்டர்சன், ரத்தத்தின் அமில நிலையை கார்பானிக் அமிலத்தின் பிரிகை மாறிலியோடு இணைத்தார். அடுத்த வருஷம் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் (ஆமாங்க, அதே பீர்தான்!) சோரன்சென், 0.0000001 மாதிரி எண்களை லாக் எடுத்து 7ன்னு சுருக்கினார். பிஹெச் பிறந்தது. 1916ல் டென்மார்க்கின் ஹாசல்பால்க் ரெண்டையும் ஒட்டவைத்தார். ரத்தத்துக்கு அது இப்படி:

பிஹெச் = 6.1 + லாக் (பைகார்பனேட் / கரைந்த கார்பன் டை ஆக்ஸைடு)

அந்த 6.1 தான் பிகேஏ. மேலேயும் கீழேயும் சம அளவு இருந்தா லாக் பூஜ்யம், அதனால பிஹெச்சும் 6.1. நம்ம ரத்தத்துல 20க்கு 1, அதனால 7.4. மேட்டர் என்னன்னா, பிஹெச்சைத் தீர்மானிக்கிறது விகிதம். மேலே இருக்கிற எண்ணை மட்டும் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது.

1952ல் கோபன்ஹேகனில் போலியோ. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்து வந்தவர்களில், முதல் 3 வாரத்தில் 31 பேரில் 27 பேர் இறந்துபோனாங்க. ரத்தத்தில் மொத்த கார்பன் டை ஆக்ஸைடு எகிறியிருந்தது. அதில் பெரும்பங்கு பைகார்பனேட்டாக இருக்கும் என்பதால், ரத்தம் காரமாகிவிட்டது என்றே டாக்டர்கள் நினைத்தார்கள்.

மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் மட்டும் கீழே இருக்கிற எண்ணை யோசித்தார். வெளியே விடமுடியாத மூச்சு உள்ளேயே தேங்குது, அப்போ இது காரமில்லை, அமிலம்! ஆகஸ்ட் 27 அன்று 12 வயசுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுத்தார். பிழைச்சுக்கிட்டா. ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் நோயாளிகளின் ரத்தத்தில் பிஹெச்சை அளந்து பார்த்தார், அமிலமேதான்.

பிறகு சுமார் 1500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, மாசக்கணக்கில் கையாலேயே பை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1953ல் இப்சன் தொடங்கிய வார்டுதான் இன்றைய ஐசியூவுக்கு முன்னோடி.

இன்னைக்கும் ஐசியூவில் ரத்த வாயு பரிசோதிக்கிற மெஷின் பிஹெச்சையும் கார்பன் டை ஆக்ஸைடையும்தான் அளக்குது. பைகார்பனேட்டை அந்தச் சமன்பாட்டில் போட்டுக் கணக்கிடுது. ரிப்போர்ட் கையில் கிடைச்சா நீங்களே ஒருதரம் லாக் போட்டுப் பாருங்க, விடை வரும் :-)