ஊசி எட்டாத இரவு: தூக்க ஆய்வில் கரியமில வாயுவை அளக்கும் முறை உருவான வரலாறு

தூங்குகிறவரின் ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய நேர்வழி, மணிக்கட்டுத் தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது. குத்தினால் விழித்துக்கொள்வார். வலியில் மூச்சு வேகமெடுக்கும். அந்த வேகத்திலேயே வாயு வெளியேறி அளவு இறங்கிவிடும். ஆகவே தூக்க ஆய்வில் ஊசியைத் தவிர்த்ததை நோயாளியின் வசதிக்காகச் செய்த சலுகையாகப் பார்க்கக் கூடாது. இரவின் அளவைப் பிடிக்க அதுவே வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதாதா? மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் அது 97, 98 என்று நிம்மதியாகவே காட்டும். மறுபக்கம் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். கரியமில வாயு வெளியே தெரியாமல் ஏறும் இந்த ஏமாற்றம் மருத்துவ உலகுக்கு உறைத்த இடம், 1952இல் போலியோ பரவிய கோபன்ஹேகன். பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் மூன்று வாரங்களில் மூச்சுத் தசைகளோ விழுங்கும் தசைகளோ செயலிழந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்ததைக் காரத்தன்மைக் கோளாறு என்றே மருத்துவர்கள் எண்ணினர். வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயுதான் காரணம் என்றார் மயக்கவியலாளர் பியோர்ன் இப்சென். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கி மூச்சளித்துக் காட்டினார். பிறகு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பை அமுக்கினார்கள்.

அந்த வாயுவை நேரடியாக அளக்கும் மின்வாய் அப்போது கிடையாது. 1954இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ரிச்சர்ட் ஸ்டோ, அமிலத்தன்மையை அளக்கும் கண்ணாடி மின்வாயின் மேல் நீர்ப்படலமும் மெல்லிய ரப்பர் சவ்வும் போர்த்தினார். வாயு சவ்வைக் கடந்து நீரை அமிலமாக்கும். அந்த மாற்றமே அளவு. ஆனால் அளவு ஓரிடத்தில் நிற்கவில்லை. நீரில் பைகார்பனேட் உப்பைக் கலந்து அதை நிலைப்படுத்தியவர் ஜான் செவரிங்ஹாஸ், 1958இல் வெளியிட்டார். மூளைத்தண்டுப் பகுதியில் அறுவைக்குப் பின், விழித்திருக்கையில் சொன்னால் மூச்சுவிட்டு, தூங்கினால் நிறுத்திவிடும் நோயாளிகளின் நிலைக்கு 1962இல் ‘ஆண்டைனின் சாபம்’ என்று மிட்செலுடன் சேர்ந்து பெயரிட்டவரும் இவரே. ஆண்டைன் என்ற ஐரோப்பிய நீர்மகளின் கதைக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பொருந்தாது, ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

தோல் வழியே வாயுக்கள் போய்வருவதை கெர்லாக் 1851இலேயே எழுதியிருந்தார். அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் மார்பர்க் நகரம். 1972இல் ஹுக் தம்பதியும் லூபர்ஸும் தோலைச் சூடாக்கி, நுண்குழாய்களை விரியவைத்து ஆக்சிஜனை அளந்தார்கள். கூடுதல் ஆக்சிஜனால் குறைமாதக் குழந்தைகளின் கண் பாழாகும் அச்சம் இருந்த காலம் அது. பச்சிளங்குழந்தையின் மெல்லிய தோலும் தோதாக அமைந்தது. 1970களின் இறுதியில் கரியமில வாயுவுக்கும் அதே வழி திறந்தது. பெரியவர்களின் தூக்க அறைக்கு அந்தக் கருவி பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

மூச்சுக் காற்றில் அளப்பது இன்னொரு வழி. டிண்டால் 1860களில் அறிந்த அகச்சிவப்பு உறிஞ்சல்தான் அடிப்படை. மயக்கவியலில் அது கொடிகட்டிப் பறக்கிறது. தூக்க அறையிலோ நோயாளி வாயால் மூச்சுவிட்டால் மூக்குக் குழாய்க்கு ஒன்றும் கிட்டாது. தொடர்ந்து அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபாப் முகமூடி போட்டால் அதன் காற்று வெளிமூச்சைக் கரைத்துவிடும். சிகிச்சை இரவுகளில் தோல் உணரியை நான் விரும்புவது இதனால்தான்.

உணரியை ஒட்டும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுணுக்கம் புரியும். ஒட்டு வளையத்துக்குள் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, குமிழி இல்லாமல் அழுத்த வேண்டும். காற்று புகுந்தால் எண் சடாரென விழும். நோயாளி தேறிவிட்டார் என்று அதற்குப் பொருளல்ல. உணரியின் வெப்பம் சுமார் 42 பாகை செல்சியஸ். உடல் வெப்பத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 4.5 விழுக்காடு வீதம் அளவு மிகும். தோல் தானே உண்டாக்கும் வாயுவும் சேரும். கருவி இவை இரண்டையும் கழித்தே எண்ணைத் திரையில் காட்டுகிறது. ரத்தத்தில் நேரும் மாற்றம் தோலில் தெரியச் சில நிமிடங்கள் ஆவதால், 20 நொடி மூச்சுத் தடையை இது பிடிக்காது; மெல்ல ஏறும் தேக்கத்தையே பிடிக்கும்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2012 விதிகளும் இதற்கேற்பவே அமைந்தன. தூக்கத்தில் மூச்சு போதவில்லை என்று கணக்கிட, பெரியவர்களுக்குக் கரியமில வாயு 55 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி 10 நிமிடம் நீடிக்க வேண்டும். அல்லது விழிப்புநிலையைவிட 10 கூடி, 50ஐத் தாண்டி அதே நேரம் நிற்க வேண்டும். குழந்தைகளுக்குத் தூக்க நேரத்தில் கால் பங்குக்கு மேல் 50ஐத் தாண்டினால் போதும். ரத்தம், வெளிமூச்சு, தோல் ஆகிய மூன்று வழி அளவுகளையும் அவ்விதிகள் ஏற்கின்றன.

விடிந்ததும் திரையின் எண்ணைச் சரிபார்க்க ஊசி திரும்ப வருவதும் உண்டு. அதற்குள் நோயாளி எழுந்து உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசியிருப்பார்.