மன்சனாரெஸ் கரையின் சலவைப் பெண்கள்

1561-ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப் மன்னர் தம் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றியபோது, ஸ்பெயின் தேசத்தின் இராஜதானியாக உயர்ந்த அந்த நகருக்கு அரண்மனையும் வேட்டைக்காடும் தெளிந்த வானமும் வாய்த்திருந்தனவேயன்றி, இராஜதானிக்கு ஏற்ற பேராறு ஒன்று வாய்க்கவில்லை. குவாதர்ராமா மலையில் தோன்றி, சுமார் 90 கிலோமீட்டர் ஓடி ஹராமா நதியில் கலக்கும் மன்சனாரெஸ், கோடையில் மணல் திட்டுகளுக்கிடையே நூலாய் இளைத்துவிடும். ஹுவான் தே ஹெர்ரெரா 1584-இல் அதன்மேல் கட்டி முடித்த செகோவியாப் பாலத்தின் கம்பீரத்தையும் அதன்கீழ் ஓடிய நீரின் ஏழ்மையையும் ஒப்பிட்டு, லோபே தே வேகா, கொங்கோரா, கெவேதோ முதலிய மகாகவிகள் அனைவரும் பரிகசித்தனர். அந்தப் பரிகாசத்தில் எனக்கு உடன்பாடில்லை. அக்கவிகள் கழுத்தில் அணிந்த மடிப்புப் பட்டைகளையும், அவர்களை ஆதரித்த பிரபுக்களின் படுக்கை விரிப்புகளையும், கோயில் பீடங்களின் வெண்துகில்களையும் வெளுத்துத் தந்தது அந்த ஏழை ஆறேயாகும். அதற்குத் துணை நின்றவர்கள் 'லவாந்தேரா' எனப்பட்ட சலவைப் பெண்கள்.

மாட்ரிட் நகரம் ஆற்றைவிட மிக உயர்ந்த மேட்டில் அமைந்தது. அதனால் வீடு வீடாகச் சென்று அழுக்குத் துணிகளை எண்ணி வாங்கி, மூட்டையாகக் கட்டித் தலையிலும் இடுப்பிலும் சுமந்து, செங்குத்தான சரிவுகளில் இறங்கிக் கரையை அடைவதே இவர்களுடைய அன்றாட வேலையின் முதற்பகுதியாயிற்று. இவர்களிற் பலர் விதவைகள். பலர் கிராமங்களை விட்டு ஜீவனம் தேடி நகருக்கு வந்த ஏழைக் குடும்பத்தினர். ப்ளோரிதாவின் அந்தோணியார் கோயிலை அடுத்த கரையிலிருந்து தெற்கே தொலேதோப் பாலம் வரையில், சலவைத்துறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நீண்டிருந்தன. துறையின் சொந்தக்காரருக்கு இடத்துக்கென வாடகை கொடுத்த பிறகே துணியை நீரில் நனைக்க முடியும். முன்புறம் திறந்த மரப்பெட்டி ஒன்றில் வைக்கோலோ கந்தலோ பரப்பி அதில் மண்டியிட்டு, நீருக்குள் சரிந்து நிற்கும் பள்ளவரிப் பலகையில் துணியைத் தேய்ப்பார்கள். முழங்காலுக்குக் கிடைத்த சௌகரியம் அவ்வளவே.

சோப்பிட்டுத் தேய்ப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. வெள்ளைத் துணிகளுக்கு 'கொலாதா' என்ற நீண்ட கிரியை ஒன்று உண்டு. அடியில் துளையுள்ள பெரிய தொட்டியிலோ கூடையிலோ, மிகுந்த அழுக்குள்ளவை கீழும் மெல்லியவை மேலுமாகத் துணிகளை அடுக்கி, அவற்றின்மீது முரட்டுத் துணியொன்றை விரித்து, அதில் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்புவார்கள். பின்பு காய்ச்சிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற, அது சாம்பலின் காரத்தைக் கரைத்துக்கொண்டு துணிகளினூடே இறங்கிப் பழுப்பு நிறமாகக் கீழே ஒழுகும். ஒழுகிய நீரைப் பிடித்து மறுபடியும் சூடேற்றி மறுபடியும் ஊற்றுவார்கள். நம் ஊர்களில் உவர்மண் தோய்த்து வெள்ளாவி வைப்பதைக் கண்டவர்களுக்கு இதன் பொறுமையும் நுட்பமும் எளிதில் விளங்கும். எண்ணெய்ப் பசையும் கறையும் விட்டகன்ற துணிகளை ஆற்று நீரில் அலசி, வெயிலில் விரித்து, ஈரம் தெளித்துத் தெளித்து வெளுக்கச் செய்து, கடைசி அலசலில் நீலம் போட்டு முறுக்கிப் பிழிந்து, கழிகளுக்கிடையே கட்டிய கயிறுகளில் உலர்த்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களில், மேட்டின்மீது அரண்மனையும், அதன்கீழ் ஆற்றங்கரை முழுவதும் காற்றில் அசையும் வெள்ளைத் துணிகளுமாக நகரம் காட்சியளிக்கிறது.

இவர்கள் கையாண்ட சோப்புக்கும் நெடிய சரித்திரம் உண்டு. விலங்குக் கொழுப்பைக் கொண்டு வடதேசங்களில் செய்த மென்சோப்பைப் போலன்றி, ஆலிவ் எண்ணெயோடு அலிகாந்தே, முர்சியா பிரதேசங்களின் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பற்காரத்தைச் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான வெள்ளைச் சோப்பு, கஸ்தீலியா சோப்பு என்ற பெயரால் ஐரோப்பாவெங்கும் கீர்த்தி பெற்றது. உப்பிலிருந்து காரம் எடுக்கும் லெப்லாங்க் முறை 1791-இல் பிரான்சில் தோன்றிப் பரவிய பிறகு, அந்தச் செடிச் சாம்பல் வியாபாரம் நசித்துப்போயிற்று.

1858-இல் இசபெல் அரசியின் பெயர் தாங்கிய கால்வாய் லோசோயா நதி நீரை மாட்ரிட்டுக்குக் கொணர்ந்தபோது நகரம் விழாக் கொண்டாடியது. ஆயினும் குழாய் நீர் வீடுதோறும் எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே ஆற்றங்கரையில் மண்டியிடும் கூட்டம் குறையவில்லை. பனிக்காலத்தில் கைகள் விறைத்து வெடிப்பதும், இளங்குழந்தைகள் ஈரக்கரையிலே நாள் முழுதும் கிடப்பதும் சகஜமாயிருந்தன. இந்த நிலையைக் கண்டு மனமிரங்கியவர் இத்தாலியிலிருந்து வந்த மரியா விக்தோரியா அரசி. அவருடைய கணவரான அமதேயோ மன்னரை ஸ்பெயின் மக்களில் பெரும்பாலோர் அந்நியராகவே கருதினர். உயர்குலப் பெண்டிர் அவமதித்த அந்த அரசி, 1872-இல் சான் விசென்தே வாயிலருகே சலவைப் பெண்களின் குழந்தைகளுக்கென ஒரு காப்பகம் ஸ்தாபித்தார். தாய்மார் ஆற்றில் உழைக்கும் நேரத்தில் குழந்தைகள் அங்கே உணவும் கதகதப்பும் பெற்றனர். மறுவருஷமே மன்னர் முடி துறந்தார். அரசி 1876-இல் தம் தாயகத்தில் இளவயதிலேயே காலமானார். துரின் நகரின் சுபெர்காக் கோயிலிலுள்ள அவருடைய கல்லறைக்கு மன்சனாரெஸ் சலவைப் பெண்கள் நன்றி தெரிவித்து ஒரு மலர்வளையம் அனுப்பினார்கள். கூலிக்குத் துணி வெளுத்தவர்கள், தங்கள் சொற்பச் சம்பாத்தியத்திலிருந்து இதனைச் செய்தார்கள் என்பதை எண்ணும்போது, அந்தக் காலத்து அரசவைப் பிரகடனங்களைவிட இம்மலர்வளையமே எனக்கு மேலான சரித்திர சாசனமாகத் தோன்றுகிறது.

ஓவியர் கோயா 1779-க்கும் 1780-க்கும் இடையில் இப்பெண்களைச் சித்திரித்தார். எல் பார்தோ அரண்மனைத் திரைச்சீலைக்காக வரைந்த அப்படத்தில் அவர்கள் ஓய்ந்து அமர்ந்திருக்கிறார்கள். உறங்கும் தோழியைத் துயிலெழுப்ப இருவர் ஓர் ஆட்டை அருகே கொணர்கிறார்கள். சித்திரம் அழகானது, ஆனால் உழைப்பை அது மறைத்துவிட்டது. உழைப்பைக் கண்ணாற் கண்டு எழுத ஒரு சலவைப் பெண்ணின் மகனே பிறக்க வேண்டியிருந்தது. 1897-இல் பிறந்து, கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்த அர்த்துரோ பரேயாவை, அவருடைய தாய் மன்சனாரெஸ் கரையில் துணி வெளுத்து வளர்த்தார். கயிறுகளில் தொங்கும் சிப்பாய்களின் கால்சட்டைகள் காற்றில் உப்பி நிற்கும் காட்சியோடுதான் அவருடைய சுயசரிதம் தொடங்குகிறது.

1914-க்குப் பின்னர் ஆற்றுக்குக் கல்லால் கரை எழுப்பி நேராக்கிய வேலை சலவைத்துறைகளைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. 1936-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது அவ்வாற்றங்கரையே போர்முனையாகி, அரசி நிறுவிய காப்பகமும் அழிந்தது. முற்றுகையிடப்பட்ட நகரில் குடியரசின் தணிக்கை அதிகாரியாகப் பணியாற்றிய பரேயா, பின்னர் இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்து தம் சுயசரிதத்தை எழுதினார். 1941-இல் அதன் முதற்பாகம் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஸ்பானிய மொழியில் 1951-இல் புவனோஸ் அயர்ஸில் அச்சாயிற்று. 1975-இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகே, மாட்ரிட் வாசிகள் தங்கள் ஆற்றுச் சலவைப் பெண்களின் கதையைத் தங்கள் தேசத்திலேயே அச்சிட்டுப் படிக்க முடிந்தது.