கேமராவுக்கு நேர்கோடு கற்பித்த கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது நிதானமாக வாசியுங்கள்.

பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், மரத்தில் எழுத்து, திருமணப் பத்திரிகையில் பூவேலை எல்லாவற்றையும் இப்போது லேசர் இயந்திரம் வெட்டித் தருகிறது. நம் பழைய மாணவர் ஒருவர் அந்தத் தொழிலில் இருக்கிறார். போனில் பேசும்போது கேட்டார்: "டீச்சர், மெஷினுக்கு மேல கேமரா மாட்டினா பலகை எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர்லயே பார்த்து டிசைனை வைக்கலாம்னு வாங்கினேன். ஆனா சாப்ட்வேர், புள்ளி போட்ட ஒரு தாளை பிரிண்ட் எடுத்து கேமராவுக்குக் காட்டச் சொல்லுது. புதுக் கேமராவுக்கு எதுக்கு இந்தப் பரீட்சை?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் ஊசித்துளைக் கேமரா செய்தோமே, நினைவிருக்கிறதா? அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் ஊசியால் துளை, எதிர்ப்பக்கம் எண்ணெய் தடவிய தாள். வெளியே நின்ற வேப்பமரம் தாளில் தலைகீழாகத் தெரிந்தது. இந்த இருட்டறை வித்தையை 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பெட்டியில் லென்ஸ் இல்லை. ஒளி துளை வழியே நேராக வந்து தாளில் விழுகிறது. ஆகவே கொடிக்கம்பம் கம்பமாகவே தெரியும், வளையாது. ஆனால் படம் மங்கல். வெளிச்சம் வேண்டும் என்றால் துளையைப் பெரிதாக்கி அங்கே லென்ஸை வைக்க வேண்டும். லென்ஸ் வெளிச்சத்தைக் கொடுத்தது. கூடவே கோணலையும் கொண்டுவந்தது. படத்தின் நடுவில் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக நேர்கோடுகள் பீப்பாயின் பக்கங்களைப் போல வெளியே வளையும். சில லென்ஸ்களில் உள்பக்கமாகவும் வளையும்.

முகத்தைப் படம் எடுப்பவருக்கு இது பெரிய குறையில்லை. படத்தை வைத்து அளக்க நினைத்தவர்களுக்குத்தான் தலைவலி.

அப்படி நினைத்தவர்களில் ஒருவர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர், ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். 1858இல் வெட்ஸ்லர் நகரத்துப் பேராலயத்தை அளக்கும் வேலை அவருக்கு வந்தது. உயரத்தில் ஏறி அளந்துகொண்டிருந்தவர் கீழே விழ இருந்து நூலிழையில் தப்பினார். 'மனிதன் ஏறித்தான் அளக்க வேண்டுமா? படத்தை எடுத்துவந்து மேசையில் வைத்து அளந்தால் என்ன?' என்ற யோசனை அங்கே பிறந்தது. பிரான்சிலும் லோஸ்தா என்ற இராணுவ அதிகாரி 1850களில் புகைப்படத்திலிருந்து வரைபடம் தயாரிக்க முயன்றுகொண்டிருந்தார். மைடன்பாவர் 1867இல் தம் முறைக்கு 'ஃபோட்டோகிராமெட்ரி' என்று பெயர் வைத்தார். படத்தால் அளத்தல் என்று பொருள். 1885இல் இதற்கென்றே பெர்லினில் ஓர் அரசு நிறுவனம் தொடங்கி, ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் பழைய கட்டடங்களைப் பதிவு செய்தார்.

அளப்பதற்கான படத்தில் சுவர் வளையக் கூடாது. என்ன செய்வது? முதலில் தோன்றிய வழி, லென்ஸையே திருத்துவது. 1866இல் இங்கிலாந்தில் டால்மயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு லென்ஸ் தொகுதிகளை எதிரெதிராக வைத்து, நடுவில் ஒளித்துளையை அமைத்தார்கள். முன்பாதி உண்டாக்கும் வளைவைப் பின்பாதி எதிர்த்திசையில் வளைத்துச் சரிசெய்துவிடும். அருமையான தீர்வுதான். ஆனாலும் கொஞ்சம் கோணல் மிச்சமிருக்கும். கண்ணாடியைத் தேய்ப்பதிலும் பொருத்துவதிலும் மயிரிழை பிசகினாலும் போதும், கோணல் வந்துவிடும்.

இரண்டாவது வழி, தவறை நீக்க முடியாவிட்டால் அதை அளந்து கழிப்பது. நில அளவைக்காரர்களுக்கு இது பழகிய வழி. நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 7½ மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலிதான் அளவுகோல். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பது அவருக்குத் தெரியும். நீளாத சங்கிலியைத் தேடி அவர் போகவில்லை. சங்கிலியின் அருகில் வெப்பமானிகளை வைத்தார். எத்தனை டிகிரிக்கு எவ்வளவு நீளும் என்று கணக்கிட்டு, அந்த அளவைத் திருத்திக்கொண்டார். இந்தியாவின் மாபெரும் நில அளவைப் பணி இந்த அடிக்கோட்டில்தான் தொடங்கியது.

கேமராவுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். அதைச் செம்மையாக எழுதியவர் டுவான் பிரவுன் என்ற அமெரிக்கர். ஏவுகணை பறக்கும் பாதையைக் கேமராக்களால் அளக்கும் துறையில் பணியாற்றியவர். ஏவுகணை எந்த இடத்தில் இருந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால், லென்ஸ் எங்கே எவ்வளவு பொய் சொல்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 1966இலும் 1971இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை.

1971 கட்டுரையில் அவர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்தது. நூல்களில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார். கேமராவால் படம் எடுத்தார். அவ்வளவுதான். நம் கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிக்கிறாரே, அதே தூக்குக்குண்டு. புவியீர்ப்பு பிடித்திருக்கும் நூல் நேராகத்தான் இருக்கும். படத்தில் வளைந்து தெரிந்தால் வளைத்தது லென்ஸ். எந்த இடத்தில் எவ்வளவு வளைத்தது என்பதை அளந்தால் லென்ஸின் குணம் சில எண்களில் அடங்கிவிடும்.

அந்தக் கணக்கின் முதல் படியை மட்டும் சொல்கிறேன், பயப்படாதீர்கள். படத்தின் நடுவிலிருந்து இருக்கும் தூரத்தின் கனத்துக்கு ஏற்ப விலகல் கூடும். நடுவிலிருந்து 100 புள்ளி தள்ளி இருப்பது 1 புள்ளி விலகினால், 300 புள்ளி தள்ளி இருப்பது 3 × 3 × 3 = 27 புள்ளி விலகும். நடுவில் ஒழுங்காக இருக்கும் படம் ஓரத்தில் அவ்வளவு கோணலாவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இதுவரை இந்த வேலை ஆய்வுக்கூடங்களுக்கும் இராணுவத்துக்கும் உரியதாகவே இருந்தது. அதைச் சாதாரணக் கேமராவுக்குக் கொண்டுவந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த ரோஜர் சாய், கடையில் கிடைக்கும் தொலைக்காட்சிக் கேமராவையும் லென்ஸையும் கொண்டே துல்லியமாக அளக்கும் முறையை 1987இல் வெளியிட்டார். அடுத்து மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஷாங் ஷெங்யோ. 2000இல் வெளிவந்த அவருடைய கட்டுரை எல்லாவற்றையும் எளிமையாக்கியது. ஒழுங்கான கட்டங்களைத் தாளில் அச்சிட்டு, தட்டையான ஒன்றின் மேல் ஒட்டி, அதைச் சாய்த்தும் திருப்பியும் சில படங்கள் எடுத்தால் போதும். கட்டங்களின் உண்மையான அளவு நமக்குத் தெரியும். படத்தில் எப்படித் தெரிகின்றன என்பதும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு லென்ஸின் எண்களைக் கணினியே கண்டுபிடித்துவிடும். இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இந்த வகைக் கணக்குகள் சேர்ந்த பிறகு, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டில் இருந்தே கேமராவுக்கு அளவுத்திருத்தம் செய்யலாம் என்றாகிவிட்டது.

இனி லேசருக்கு வருவோம். முதல் லேசரை 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் ஒளிரச் செய்தார். இன்று மரமும் தோலும் அக்ரிலிக்கும் வெட்டும் பல இயந்திரங்களில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். அதை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் படேல். அதன் கதிர் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. சுட்ட தடம்தான் தெரியும். சுட்ட பிறகு அழிக்க ரப்பர் கிடையாது. இதை மறக்காதீர்கள், கேமரா வேண்டியிருப்பதே இதனால்தான்.

இயந்திரத்தின் மேசை முழுவதையும் குறைந்த உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதால், அகலமாகப் பார்க்கும் லென்ஸைப் பொருத்துகிறார்கள். அகலப் பார்வை லென்ஸில் பீப்பாய் வளைவு அதிகம். அதனால்தான் லைட்பர்ன் போன்ற மென்பொருள்கள் முதலில் அச்சிட்ட தாளைக் கேட்கின்றன. தாளை நடுவிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தாள் கசங்காமல், கெட்டி அட்டையில் ஒட்டித் தட்டையாக இருக்க வேண்டும். தாளே வளைந்திருந்தால் அந்தப் பழியையும் லென்ஸின் மேல் போட்டுவிடும் கணினி! தூக்குக்குண்டு நூலின் இடத்தில் இப்போது இந்தத் தாள் இருக்கிறது.

இது முதல் பாதி. படம் நேரானதும், படத்தின் எந்தப் புள்ளி மேசையின் எந்த இடம் என்று சொல்லித்தர வேண்டும். அதற்கு லேசரே ஒரு அட்டையில் நான்கு குறிகளைச் சுடும். படத்தில் அந்த நான்கையும் நாம் தொட்டுக் காட்ட வேண்டும். ஏன் நான்கு? சாய்வாகப் பார்க்கும் ஒரு தளத்தை இன்னொரு தளத்தோடு பொருத்த 8 எண்கள் தெரிய வேண்டும். ஒரு குறிக்கு நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 2 எண்கள். 4 × 2 = 8. கணக்கு சரியாக முடிகிறது.

இத்தனையும் முடித்த பிறகு நம் மாணவருக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு அம்மா தன் தாயார் விளையாடிய பல்லாங்குழிப் பலகையைக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டு வரிசைக் குழிகளுக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான இடத்தில் தாயாரின் பெயரைப் பொறிக்க வேண்டும். தாயார் இப்போது இல்லை. பலகை ஒன்றுதான். கொஞ்சம் தள்ளிப் போனாலும் எழுத்து குழிக்குள் விழும்.

கேமரா தயார், அளவுத்திருத்தம் முடிந்தது, உடனே பொறிக்கலாமா என்று கேட்டார். "நான்கு குறிகளை எதன் மேல் சுட்டாய்?" என்றேன். மேசையில் வைத்த மெல்லிய அட்டை மேல். பலகையோ 40 மி.மீ. தடிமன். கேமரா மேசைக்கு 500 மி.மீ. மேலே. இரண்டு பேரும் போனிலேயே ஒத்த முக்கோணக் கணக்குப் போட்டோம். கேமராவுக்கு நேர் கீழிருந்து 200 மி.மீ. தள்ளிப் பலகையின் மேற்பரப்பில் இருக்கும் புள்ளி, மேசை மட்டத்தில் 200 × 500 ÷ 460 = சுமார் 217 மி.மீ. தள்ளி இருப்பதாகப் படத்தில் தெரியும். 17 மி.மீ. பிசகு! லென்ஸின் எண்கள் அத்தனையும் சரியாக இருந்தும் பெயர் குழிக்குள் போயிருக்கும்.

மேசையைக் கீழே இறக்கும் வசதி உள்ள இயந்திரம் என்றால், பலகையின் மேற்பரப்பைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்துவிடலாம். இவருடையதில் அது இல்லை. அதனால் அட்டையை 40 மி.மீ. கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, லேசர் தலையையும் அதற்கேற்ப உயர்த்தி, நான்கு குறிகளையும் மறுபடி சுட்டார். பிறகு பலகையின் மேல் காகித நாடாவை ஒட்டி, மிகக் குறைந்த சக்தியில் பெயரின் எல்லைக்கோட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தார். கோடு இரண்டு வரிசைக்கும் நடுவில் சரியாக விழுந்த பிறகே பெயரைப் பொறித்தார். பலகையை வாங்க வந்த அம்மா பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் சற்று நேரம் நின்றாராம்.

லாம்டனின் சங்கிலி, பிரவுனின் நூல், ஷாங்கின் கட்டம் போட்ட தாள், நம் மாணவரின் நான்கு குறிகள் எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான். உண்மை அளவு தெரிந்த ஒன்றைக் கருவிக்குக் காட்டி, அது எவ்வளவு மாற்றிச் சொல்கிறது என்று குறித்துக்கொள்வது. எப்போதும் ஒரே மாதிரி தவறும் கருவியோடு வேலை செய்யலாம், தவறைக் கழித்துவிடலாம். ஆனால் அந்த எண்களுக்கு ஆயுள் கொஞ்சம்தான். கேமரா இடம் மாறினால், அதன் கோணம் அசைந்தால், பொருளின் உயரம் மாறினால் குறிகளை மறுபடி சுட வேண்டும். லென்ஸையே மாற்றினாலோ, அதன் குவியத்தைத் திருகிவிட்டாலோ அச்சிட்ட தாளிலிருந்து தொடங்க வேண்டும். 'போன மாதம் சரியாக இருந்தது' என்பது இந்தத் தொழிலில் சாட்சி ஆகாது.

டீச்சர் பதிவு போட்டால் வீட்டுப்பாடம் இல்லாமல் போகுமா? உங்கள் போன் கேமராவில் 0.5 என்று அகலப் பார்வை இருந்தால் அதை வைத்து ஜன்னல் கம்பிகளைப் படம் எடுங்கள். ஒருமுறை கம்பிகள் படத்தின் நடுவில் வரட்டும், ஒருமுறை ஓரத்தில் வரட்டும். ஓரக் கம்பியின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பல போன்கள் தாமாகவே இந்தத் திருத்தத்தைச் செய்துவிடும் என்பதால் சிலருக்குக் கம்பி நேராகவே தெரியலாம். வளைந்ததா, நேராக இருந்ததா என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.